அல் அஹ்லி: கெய்ரோவின் சிவப்புச் சட்டை யாருக்குச் சொந்தம்?

தோஹா சுந்தர்:
இங்கே ஐரோப்பிய கிளப்புகளுக்கு எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகை 12 முறை வென்ற கிளப்புக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன். நான் சொல்வது கெய்ரோவின் அல் அஹ்லியை. ஜெத்தா, துபாய், தோஹா, திரிப்போலி என்று அதே பெயரில் பல கிளப்புகள் உண்டு, அவை வேறு.

என் அலுவலகத்தில் எகிப்துக்காரர்கள் நிறைய. அதில் பாதிக்கு மேல் அஹ்லாவிகள், அதாவது அஹ்லி ரசிகர்கள். கால்பந்து பேசிக்கொண்டிருக்கும்போதே வாலிபால் இறுதிப் போட்டி, பாஸ்கெட்பால் பயிற்சியாளர் என்று தாவுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கொதிப்புதான். ஆனால் கிளப் வளாகத்துக்குள் போயிருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். உறுப்பினர் ஆகக் கட்ட வேண்டிய பணம் அவர்கள் சம்பளத்துக்கு எட்டாது. "மக்களின் கிளப்" என்று கோஷம் போடுகிறவனிடம் வாசலில் உறுப்பினர் அட்டை கேட்கிறார்கள். இது எப்படி வந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய பந்து:
சுந்தர், இது முதல் நாளிலிருந்தே இருக்கும் முரண்தான். 1907-இல் கெய்ரோ பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் இருந்தது. நைல் நதி நடுவே கெஸீரா தீவில் ஆங்கிலேயர்களுக்கு ஒரு பெரிய விளையாட்டு கிளப் 1882 முதலே உண்டு. குதிரைப் பந்தயம், கிரிக்கெட், டென்னிஸ் எல்லாம் அங்கே. சாதாரண எகிப்தியனுக்கு உள்ளே இடம் கிடையாது. உயர் பள்ளி மாணவர்கள் 1905-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கே அரசியல் பேசலாம், விளையாட முடியாது. அந்தச் சங்கத்தின் தலைவரான வழக்கறிஞர் உமர் லுத்ஃபிதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கிளப் வேண்டும் என்று முதலில் சொன்னவர். எகிப்தில் கூட்டுறவு இயக்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 1907 ஏப்ரல் 24 அன்று முதல் நிர்வாகக் கூட்டம் நடந்தது ஓர் ஆங்கிலேயரின் வீட்டில். முதல் தலைவரும் அவர்தான்: ஆல்ஃப்ரெட் மிட்செல் இன்னஸ், எகிப்திய நிதி அமைச்சக அதிகாரி. பின்னாளில் பணம் என்பதே ஒருவகைக் கடன்தான் என்று கட்டுரை எழுதி, பொருளாதார வட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறவர். அவரை முன்னால் நிறுத்தியது காரியவாதம். நிலமும் அனுமதியும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. அடுத்த ஆண்டே அவர் விலகினார், அஸீஸ் இஸ்ஸத் பாஷா முதல் எகிப்தியத் தலைவரானார். பொதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சஅத் ஸக்லூல், ஆங்கிலேயருக்கு எதிரான 1919 புரட்சியின் அதே ஸக்லூல்.

பணம் எப்படித் திரட்டினார்கள் என்று பாருங்கள். பங்கு ஒன்றுக்கு 5 பவுண்டு. அன்றைய கெய்ரோவில் கூலிக்காரன் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையா அது? போட்ட பங்குப் பணமும் போதாமல் வங்கிக் கடன் வாங்கித்தான் கட்டடம் எழும்பியது. ஆக தேசியவாதிகளின் கிளப், சரி. ஆனால் அந்தத் தேசியவாதிகள் பாஷாக்களும் வழக்கறிஞர்களும்தான். மக்கள் பிறகு வந்தார்கள், அவர்களைக் கூட்டி வந்தது கால்பந்து. கால்பந்து அணியே 1911-இல்தான் உருவானது.

வெள்ளைக்கட்சி:
வழக்கமான சிவப்புப் புராணம் ஆரம்பித்துவிட்டது. நான் ஸமாலெக் ஆள், அதாவது அஹ்லியின் பரம எதிரியான கெய்ரோவின் வெள்ளைச் சட்டை கிளப், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிளப்பை 1911-இல் தொடங்கியவர் பெல்ஜியக்காரர், வழக்கறிஞர் மெர்ஸ்பாக். முதலில் கஸ்ர் அல் நீல் என்று பெயர், 1913-இல் முக்தலத், 1941-இல் மன்னர் ஃபாரூக் பெயர், 1952-இல் மன்னர் போனதும் ஸமாலெக். இதை வைத்து அஹ்லாவிகள் எங்களை வெளிநாட்டார் கிளப், அரண்மனை கிளப் என்று நூறு வருடமாகக் குத்துகிறார்கள். ஆனால் வெளிநாட்டாரும் எகிப்தியரும் சேர்ந்து விளையாடலாம் என்று கதவைத் திறந்தது யார்? எகிப்தியர் மட்டுமே உறுப்பினர் என்று 1925-இல் தீர்மானம் போட்டது யார்? எது திறந்த மனசு என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸமாலெக் என்பது கெஸீரா தீவில் இருக்கும் பணக்காரப் பேட்டை. அந்தத் தீவில் இன்று தலைமையகம் வைத்திருப்பது அஹ்லி! ஸமாலெக் கிளப் ஆற்றைத் தாண்டி மீத் உக்பாவில் இருக்கிறது. "மக்கள் கிளப்" தீவிலே, "அரண்மனை கிளப்" கரையிலே. பொருத்தம் எப்படி?

பழைய பந்து:
வெள்ளைக்கட்சி, 1925 தீர்மானத்தை 1925-இல் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டில் ஆங்கிலேயப் படை உட்கார்ந்திருக்கிறது, மற்ற கிளப்புகளில் எகிப்தியன் விருந்தாளி. அப்போது எங்களுக்கென்று ஓர் இடம் என்று சொல்வது கதவடைப்பு ஆகாது.

1943-ஐயும் சொல்லியாக வேண்டும். அப்போது அஹ்லியின் முகம் முக்தார் அல் தெத்ஷ். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் எகிப்து நான்காம் இடம் பிடித்த அணியின் நட்சத்திரம், குள்ளமான ஆள். பாலஸ்தீனத்துக்குப் போய் விளையாட அழைப்பு வந்தது. கால்பந்து சங்கம் அனுமதி தரவில்லை. சங்கத் தலைவராக இருந்த ஹைதர் பாஷா அரண்மனைக்கு வேண்டியவர், உங்கள் கிளப் பக்கத்து மனிதரும்கூட. தெத்ஷ் கேட்கவில்லை. கிளப் பெயரை விட்டு "கெய்ரோ நட்சத்திரங்கள்" என்று போய் விளையாடிவிட்டு வந்தார்கள். திரும்பியதும் வீரர்களுக்குத் தடை. இன்று கிளப் வளாகத்துக்குள் இருக்கும் பழைய மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

வெள்ளைக்கட்சி:
அடுத்த வருடமே, 1944-இல், அதே வளாகத்தில் பாடகி உம்மு குல்தூமின் ஈத் கச்சேரி நடந்தது, மன்னர் ஃபாரூக் திடீரென்று வந்து உட்கார்ந்து அவருக்கு விருது அறிவித்தார். அரண்மனை யார் பக்கம் என்பது அவ்வளவு நேர்க்கோடு இல்லை, பெரியவரே.

சரவணன் செட்டர்:
இழை அழகாகப் போகிறது, கால்பந்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். நான் வாலிபால் ஆள்.

அரபு நாடுகளில் கிளப் என்றால் கால்பந்து அணி மட்டும் இல்லை. ஒரே கொடி, ஒரே சின்னம், அதன் கீழே வாலிபால், ஹேண்ட்பால், பாஸ்கெட்பால், நீச்சல், டேபிள் டென்னிஸ் என்று வரிசையாகத் துறைகள். ஆண்கள், பெண்கள், சிறுவர் எல்லாப் பிரிவும் உண்டு. ஆப்பிரிக்கக் கிளப் வாலிபால் என்று எடுத்தால் ஆண்களில் அஹ்லிக்கு நிகர் இல்லை, பெண்கள் அணியும் அதே மாதிரி கோப்பைகளை அடுக்கியிருக்கிறது. ஹேண்ட்பாலில் தராசு ஸமாலெக் பக்கம் சாய்கிறது, வெள்ளைக்கட்சி சந்தோஷப்படலாம். பாஸ்கெட்பாலில் 2023 மே மாதம் கிகாலியில் நடந்த ஆப்பிரிக்க லீக் இறுதியில் செனகலின் துவான் அணியை 80-65 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வாலிபாலுக்கு டிக்கெட் வருமானம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கால்பந்தின் விளம்பரப் பணமும் உறுப்பினர் குடும்பங்கள் கட்டும் கட்டணமும்தான் மற்றத் துறைகளைச் சுமக்கின்றன. கெஸீரா, மதீனத் நஸ்ர், ஷேக் ஸாயித், புதிய கெய்ரோ என்று கிளை கிளையாக விரித்ததே நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களைச் சேர்க்கத்தான். அப்பா காபி குடிக்கிறார், பிள்ளை நீச்சல் பழகுகிறது. அதிலிருந்து தேசிய அணிக்கு ஒரு பெண் வருகிறாள். சுந்தர் சொன்ன அந்த வாசல் காவலாளி இல்லாவிட்டால் இந்த வாலிபால் அணியும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லைதான், ஆனால் கணக்கு அப்படி இருக்கிறது.

தோஹா சுந்தர்:
செட்டர் தம்பி, இந்தக் கோணம் எனக்குப் புதுசு. ஆனால் அந்தக் குடும்பங்கள் கிளப்பின் தலைவரையும் தேர்ந்தெடுக்கின்றனவே? பொதுக்குழுவில் ஓட்டு போடுகிறவர்கள் சில பத்தாயிரம் பேர். தேநீர்க் கடையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் கோடிக்கணக்கில். நீச்சல் குளம் சுத்தமாக இல்லை என்று ஒருவர் ஓட்டை மாற்றிப் போட்டால், அதில் கால்பந்து அணியின் தலைவிதியும் போகுமே?

நாகூர் நூர்:
போகலாம். ஆனால் அந்தத் தேர்தலால்தான் கிளப்பை யாரும் விலைக்கு வாங்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் அல் அஸ்ஹரில் படிக்கப் போய் கெய்ரோவில் இருந்தவன். அங்கே எல்லாரும் உதாரணம் காட்டுவது ஸாலிஹ் ஸலீமை. "மாயெஸ்ட்ரோ" என்பார்கள். 1958-இல் இஸ்மாயிலி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 கோல் போட்டவர். கொஞ்சகாலம் ஆஸ்திரியாவில் ஆடினார். ஃபாத்தன் ஹமாமாவோடு சினிமாவில் நடித்தார், ஆள் அவ்வளவு லட்சணம். 1980-இல் கிளப் தலைவரானவர், நடுவில் ஓர் இடைவெளி விட்டு, 2002-இல் இறக்கும்வரை தலைவர். "அஹ்லி எல்லோருக்கும் மேல்" என்ற வாசகம் அவர் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நட்சத்திரமும் கிளப்பை மிரட்ட முடியாது என்பது அதன் உட்பொருள்.

அதற்குச் சோதனை வந்தது 2000-இல். ஹுஸாம் ஹஸன், இப்ராஹிம் ஹஸன் என்ற இரட்டையர் அஹ்லியின் உயிர்நாடி. கிளப் அவர்களைப் போகவிட்டது, இருவரும் நேராக ஸமாலெக்கில் போய்ச் சேர்ந்தார்கள். ஊரே கொந்தளித்தது. 2008-இல் கோல்கீப்பர் இஸாம் அல் ஹதரி சொல்லாமல் கொள்ளாமல் சுவிட்சர்லாந்தின் சியோன் கிளப்புக்குப் போனார். எத்தனையோ கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர். திரும்பி எகிப்துக்கு வந்து மற்ற கிளப்புகளில் ஆடினார், அஹ்லி கதவு மட்டும் திறக்கவில்லை.

வெள்ளைக்கட்சி:
கதவு ஆளைப் பார்த்துத் திறக்கும் பாய். 2025-இல் எங்களிடமிருந்து அஹ்லிக்குப் போன எங்கள் நட்சத்திரம் ஸீஸோவுக்கு எவ்வளவு அகலமாகத் திறந்தது? நாங்கள் செய்தால் துரோகம், நீங்கள் செய்தால் ஒப்பந்தம்.

அப்புறம் அப்போது சவூதி விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த துர்கி ஆலுஷ்ஷேக்கைக் கௌரவத் தலைவராக்கிப் பணம் வாங்கிக்கொண்டார்களே, அப்போது கொள்கை எங்கே போயிருந்தது? 2018-இல் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அஸ்யூத் அணியை வாங்கி பிரமிட்ஸ் என்று பெயர் மாற்றினார். கூட்டமே இல்லாத, பணம் மட்டும் இருக்கிற கிளப். அவர் போய், கைமாறி, 2025-இல் அதே பிரமிட்ஸ் ஆப்பிரிக்க சாம்பியன். வளர்த்துவிட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நாகூர் நூர்:
கௌரவத் தலைவர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அது அழகான அத்தியாயம் இல்லை. ஆனால் கௌரவப் பட்டம் வாங்கியும் அவரால் கிளப்பைக் கையில் எடுக்க முடியவில்லை பாருங்கள். உறுப்பினர் தேர்தல் என்ற ஒன்று இருந்ததால்தான் அது.

என் பெரிய கவலை வேறு. எகிப்து லீகில் வங்கி அணி, பெட்ரோல் கம்பெனி அணி, செராமிக் கம்பெனி அணி என்று பெருகிக்கொண்டே போகிறது. இஸ்மாயிலி, அலெக்ஸாண்ட்ரியாவின் இத்திஹாத், கீஸாவின் தர்ஸானா என்று ஊர் ஜனம் தூக்கி வளர்த்த கிளப்புகள் தேய்கின்றன. ஸமாலெக் கடனில் தள்ளாடுகிறது என்றால் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நீங்கள் இல்லாமல் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கோல்போஸ்ட் கோபி:
எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஆப்பிரிக்காவின் நூற்றாண்டுக் கிளப் என்ற விருதைச் சொல்லி அஹ்லிக்காரர்கள் பெருமை பேசுகிறார்களே, அது ஏன் சர்ச்சை?

வெள்ளைக்கட்சி:
கேட்டீர்களே ஒரு கேள்வி, வாழ்க. 2000 முடியும்போது நாங்கள் சாம்பியன்ஸ் கோப்பையை 4 முறை வென்றிருந்தோம்: 1984, 1986, 1993, 1996. அஹ்லி 2 முறை: 1982, 1987. விருது யாருக்கு? அஹ்லிக்கு. கோப்பை வென்றவர்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டியில் அவர்கள் 4 முறை ஜெயித்ததற்கும் புள்ளி சேர்த்தார்கள். சில புள்ளிகள் வித்தியாசம்.

பழைய பந்து:
விதி எல்லோருக்கும் ஒன்றுதான், கூட்டல் தெரிந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மனுவேல் ஜோஸே என்ற போர்த்துகீசியர் 2001, 2005, 2006, 2008 என்று நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்தார், விவாதமே பழசாகிவிட்டது. அதிலும் 2006 இறுதி. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் அணிக்கு எதிராக, கெய்ரோவில் முதல் ஆட்டம் 1-1, துனிசியாவில் இரண்டாவது ஆட்டம் 0-0 என்று 90 நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது, அப்படியே முடிந்தால் வெளியூர் கோல் விதிப்படி கோப்பை அவர்களுக்கு. அஹ்லியின் நட்சத்திரம் அபூத்ரீக்கா இடது காலால் ஒன்று விட்டார். அந்த கோலை எகிப்தில் பேசும்போது இன்றும் ஆட்கள் எழுந்து நின்று காட்டுவார்கள்.

2020 நவம்பர் 27-ஐ நான் சொல்ல மாட்டேன், வெள்ளைக்கட்சிக்கு ரத்த அழுத்தம்.

கோல்போஸ்ட் கோபி:
சொல்லுங்கள், சொல்லுங்கள்.

தோஹா சுந்தர்:
நான் சொல்கிறேன். ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அஹ்லியும் ஸமாலெக்கும் நேருக்கு நேர் மோதியது அன்றுதான் முதல் முறை. கொரோனாவால் கெய்ரோ மைதானம் காலி. 1-1. 86-ஆம் நிமிடம் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அஹ்லியின் கஃப்ஷா ஒன்று அடித்தார், 2-1. அதற்கு எகிப்தில் "அல் காதியா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள், குத்துச்சண்டையில் ஆளைச் சாய்க்கும் அடியை அப்படித்தான் சொல்வார்கள். பயிற்சியாளர் தென்னாப்பிரிக்காவின் பிட்ஸோ மொசிமானே. அவர் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. சில மாதத்தில் இங்கே தோஹாவில் கிளப் உலகக் கோப்பை. பாயெர்னிடம் 2-0 தோல்வி, பிறகு பல்மெய்ராஸைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம்.

வெள்ளைக்கட்சி:
2002 மே 16 அன்று நீங்கள் எங்களை 6-1 என்று அடித்ததையும் சொல்லி முடித்துவிடுங்கள். காலித் பீபோ நாலு கோல். ஒரேயடியாக அழுதுவிட்டுப் போகிறேன்.

நாகூர் நூர்:
சிரித்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆனால் அஹ்லியைப் பற்றி இழை போட்டு போர்ட் சயீத்தைச் சொல்லாமல் விட முடியாது.

2007-இல் "அல்ட்ராஸ் அஹ்லாவி" என்று ஓர் இளைஞர் கூட்டம் உருவானது. கெய்ரோ மைதானத்தில் அவர்கள் நிற்கும் இடம் "தால்தா ஷிமால்", இடப்பக்கம் மூன்றாம் பகுதி, மலிவு டிக்கெட். ஸமாலெக்கின் ஒயிட் நைட்ஸ் கூட்டம் அதற்கு நேரெதிரே "தால்தா யமீன்". அதிபர் முபாரக் காலத்தில் கூட்டமாக நின்று போலீஸை எதிர்த்துக் கத்தக்கூடிய ஒரே இடம் மைதானம்தான். 2011 ஜனவரியில் அவருக்கு எதிரான புரட்சியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் இரண்டு கூட்டமும் முன்வரிசையில் நின்றன. போலீஸ் தடியடியை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு வருடம் கழித்து, 2012 பிப்ரவரி 1. போர்ட் சயீத்தில் அல் மஸ்ரீ அணி அஹ்லியை 3-1 என்று வென்றது. ஜெயித்த அணியின் பக்கமிருந்து ஆட்கள் கத்தி, தடியோடு மைதானத்துக்குள் இறங்கினார்கள். விளக்குகள் அணைந்தன. அஹ்லி ரசிகர்கள் வெளியேற வேண்டிய கதவு பூட்டியிருந்தது. போலீஸ் நின்று பார்த்தது. 74 பேர் இறந்தார்கள், பலர் நெரிசலில். வீரர்களின் உடைமாற்றும் அறைக்குக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். ஓர் இளைஞர் அபூத்ரீக்காவின் கையில் உயிர் விட்டார். மறுநாள் கெய்ரோவில் எங்கள் பேராசிரியர் வகுப்புக்கு வந்து எதுவும் நடத்தாமல் போய்விட்டார்.

லீக் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் நியாயம் கிடைக்கும்வரை ஆட்டம் வேண்டாம் என்று ரசிகர்கள் கேட்டார்கள், சூப்பர் கோப்பையில் ஆட மறுத்தது அபூத்ரீக்கா ஒருவர்தான். கிளப் அவரைத் தண்டித்தது. இதை அஹ்லாவிகள் நாமே அதிகம் பேசுவதில்லை. கிளப் நிர்வாகம் ஒரு பக்கம், ரசிகன் ஒரு பக்கம் என்று கோடு அன்று தெளிவாகவே தெரிந்தது. பிறகு, உள்நாட்டில் லீக் ஒழுங்காக நடக்காமல், 2012, 2013 இரண்டு வருடமும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பழைய பந்து:
பாய் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அல்ட்ராஸை முழுக்க வீரக் கதையாக்க வேண்டாம். 2013 மார்ச்சில் போர்ட் சயீத் வழக்கின் தீர்ப்பு நாளன்று கால்பந்து சங்க அலுவலகம் கொளுத்தப்பட்டது. போர்ட் சயீத் பக்கமும் மரண தண்டனை அறிவித்த ஜனவரியில் தெருவில் பல உயிர் போனது. அந்த ஊரையே கொலைகார ஊர் என்று ஒதுக்கியது இன்னொரு அநியாயம்.

வெள்ளைக்கட்சி:
2015 பிப்ரவரி 8-ஐயும் எழுதுங்கள். கெய்ரோவின் விமானப் பாதுகாப்பு மைதான வாசலில் எங்கள் பிள்ளைகள் இருபது பேர் செத்தார்கள். கம்பி வலைக் கூண்டு மாதிரி ஒரு குறுகிய வழி, அதில் கண்ணீர்ப்புகை. இந்த விஷயத்தில் சிவப்பு வெள்ளை எல்லாம் கிடையாது.

நாகூர் நூர்:
கிடையாதுதான், அண்ணே.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் லீக் ஆட்டங்கள் காலி மைதானத்தில். 2018-இல் அல்ட்ராஸ் அஹ்லாவி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. இப்போது ரசிகர்களை விடுகிறார்கள், ஆனால் அடையாள எண் கொடுத்து இணையத்தில் பதிந்தால்தான் டிக்கெட், அதுவும் எண்ணிக்கை கட்டுப்பாட்டோடு. ஆட்டத்துக்கு அனுமதி இல்லாத காலத்தில் பெரிய போட்டிக்கு முன்னால் தெத்ஷ் மைதானத்தில் பயிற்சியைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். சுந்தர் முதலில் கேட்டதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாதவர்களுக்கு அந்த வாசல் திறந்தது இந்த மாதிரி நாட்களில்தான்.

சரவணன் செட்டர்:
பாய், அந்த நிலைமைக்குத் தீர்வு என்று ஒன்று உண்டா? உறுப்பினர் கட்டணத்தைக் குறைத்தால் வாலிபால் படுத்துவிடும். கிளப்பைக் கம்பெனியாக்கிப் பங்கு விற்றால் பிரமிட்ஸ் கதைதான்.

தோஹா சுந்தர்:
இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்யலாம். ஓட்டு இல்லாமல், வளாகத்துக்குள் வராமல், சிறு தொகை கட்டும் ரசிகர் உறுப்பினர் என்று ஒரு வகை, அவர்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. ஷேக் ஸாயித் பக்கம் சொந்த மைதானம் கட்டும் திட்டம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. கட்டினால் அதில் ஒரு தால்தா ஷிமால் இருக்க வேண்டும், மலிவு டிக்கெட்டோடு. இருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் நான் முடிவு சொல்வேன்.

வெள்ளைக்கட்சி:
முதலில் கட்டட்டும். அதுவரை கெய்ரோ மைதானத்தில் வலது மூன்று எங்களுடையது.